வாரண்டி முடிந்த வாஷிங் மெஷின் எரிந்துவிட்டது. கம்பெனி நீட்டும் காகிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

மதுரை திருநகர் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் வாசகி எழுதிய கடிதம் இது. ஆறு பக்கக் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

2021 தீபாவளிக்கு நகருக்குள் ஒரு கடையில் தவணையில் வாங்கிய ஃபுல் ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின், மேலே மூடி திறக்கும் வகை. விலை 18,500 ரூபாய். அடுப்படியை ஒட்டிய பால்கனியில் வைத்திருந்தார்கள். போர் தண்ணீர்தான். போன மாதம் ஒரு மதியம் இரண்டரை மணிக்கு, மெஷின் துணி பிழிந்துகொண்டிருந்தபோது பின்பக்கப் பேனலிலிருந்து புகை வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தீப்பிடித்தது. கல்லூரியில் படிக்கும் மகன் ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு ஈரச்சாக்கைப் போட்டு அமர்த்தியிருக்கிறார். பேனல், மூடி, கொடியில் கிடந்த துணிகள், ஜன்னல் கொசுவலை எல்லாம் போயின. சுவர் முழுக்கக் கரி. பக்கவாதத்தில் படுக்கையில் இருக்கும் 78 வயது மாமியாருக்குப் புகையில் மூச்சு திணறியதால் ஒருநாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. அதற்கு 6,200 ரூபாய்.

"வாரண்டி ரெண்டு வருஷம்தாம்மா, மோட்டாருக்கு மட்டும்தான் பத்து வருஷம்" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். மூன்றாம் நாள் வந்த கம்பெனி டெக்னீஷியன், "எலி கடிச்சிருக்கும், இல்லேன்னா வோல்டேஜ் அடிச்சிருக்கும்" என்று வாயால் சொல்லிவிட்டு, எரிந்த பேனலைக் கழற்றித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்றாராம். அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து போன்: புது மெஷினுக்கு 35 சதவீதத் தள்ளுபடி, அதற்கு ஆங்கிலத்தில் ஒரு காகிதம், அதில் கையெழுத்து. பில் தொலைந்துவிட்டது. லண்டனில் இருக்கும் அண்ணன் மகன், "அந்தக் கம்பெனி மெஷினை இங்கே ரீகால் பண்ணியாச்சு அத்தை" என்கிறார் (குறையுள்ள மாடலைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வதுதான் ரீகால்). வீட்டு ஓனரோ, "நீங்க கொண்டுவந்த மெஷினு, நான் என்ன செய்ய?" என்கிறார். போன கோடையில் எம்சிபி (அளவுக்கு மேல் கரண்டு ஓடினால் தானாக விழும் சுவிட்ச்) அடிக்கடி விழுகிறது என்று சொன்னதற்கு அவர் அனுப்பிய எலக்ட்ரீஷியன், 32 ஆம்பியரில் ஒன்றை மாட்டிவிட்டுப் போனார் என்ற செய்தி கடிதத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் இருக்கிறது. வீட்டிலுள்ள ஃபிரிட்ஜும் அதே கம்பெனி, ஒன்பது வருடப் பழசு. பயத்தில் தினமும் இரவு அதை அணைத்துவிட்டுத்தான் படுக்கிறார்களாம். ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது கணவரின் யோசனை.

சகோதரி, முதலில் உங்கள் மகனைப் பற்றி. மெயினை அணைத்தது முதலில், ஈரச்சாக்கு அதற்குப் பிறகு. இந்த வரிசைதான் அவரைக் காப்பாற்றியது. கரண்டு இருக்கும்போது ஈரச்சாக்கைப் போட்டிருந்தால் நீங்கள் எழுதியிருக்கும் கடிதமே வேறாக இருந்திருக்கும். இதை அவரிடம் சொல்லுங்கள். அடுத்த முறையும் கை அந்த வரிசையில் போக வேண்டும்.

பேனலைக் கொடுக்காதீர்கள்

நீங்கள் கேட்ட ஐந்து கேள்விகளில் இது இல்லை. ஆனால் மற்ற எல்லாம் இதில்தான் தொங்குகின்றன. எரிந்த மெஷின்தான் உங்கள் சாட்சி. தீ எங்கே தொடங்கியது என்பது அந்தக் கரியில் படிக்கக்கூடிய விதத்தில் இருக்கிறது: பிளாஸ்டிக் மிக ஆழமாக உருகிய இடம், செம்புக் கம்பியின் நுனியில் குண்டுமணி போல உருண்டு நிற்கும் உருகல், கருகிப்போன கனெக்டர். பேனல் ஒருமுறை உங்கள் வீட்டைவிட்டுப் போனால் அது திரும்பி வந்தாலும் அதே நிலையில் வந்தது என்று நிரூபிக்க உங்களால் முடியாது. நுகர்வோர் ஆணையம் தேவைப்பட்டால் பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கும். அனுப்புவதற்குப் பொருள் இருக்க வேண்டும்.

அதனால் பிளக்கைப் பிடுங்கி, மெஷினைக் கழுவாமல், துடைக்காமல், பழைய வேட்டியோ பெட்ஷீட்டோ போட்டு மூடி வையுங்கள். பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம். உள்ளே வியர்த்து, செம்பு பச்சை பூத்துவிடும். கீழே உதிர்ந்த துண்டுகளைக் காகித உறையில் போட்டு, எந்த இடத்தில் கிடந்தது என்று மேலே எழுதுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள்: மெஷின் நான்கு பக்கமும், பிளக், சுவரிலுள்ள பாயிண்ட், தண்ணீர்க் குழாய் மாட்டும் இடம், எம்சிபி பெட்டி, சுவர்க் கரி, பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணும் சீரியல் எண்ணும். கம்பெனி பார்க்க விரும்பினால் வீட்டில் வைத்து, இரு தரப்பும் இருக்கும்போது, வீடியோ எடுத்துக்கொண்டே பார்க்கட்டும். அதற்கு மறுக்க வேண்டாம். மறுத்தால் அது உங்களுக்கு எதிராகப் பேசும்.

எலியா, வோல்டேஜா?

இரண்டும் நடக்கக்கூடியவைதான். ஆனால் இரண்டுமே தடயம் விட்டுச் செல்லும். வீட்டில் ஒரு மெஷினை எரிக்கும் அளவுக்கு வோல்டேஜ் எகிறுவது பெரும்பாலும் நியூட்ரல் (கரண்டு திரும்பிப் போகும் கம்பி) அறுந்தால்தான். அப்போது 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்கு 400 வரை ஏறலாம். அப்படி ஏறியிருந்தால் உங்கள் ஃபேன், டிவி, பக்கத்து வீட்டு பல்பு என்று வரிசையாக எதாவது போயிருக்க வேண்டும். அன்று வேறெதுவும் போகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு வீடுகளில் அதை எழுதி வாங்குங்கள். அன்று மதியம் உங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் பழுதுப் புகார் பதிவானதா என்று மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-ல் கேளுங்கள்; பதில் எழுத்தில் வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மின்வாரியத்துக்கு ஒரு மனு போதும். பழுது இருந்ததாகத் தெரிந்தால் அது உங்களுக்குத் தோல்வி அல்ல. கேள்வி கேட்க வேண்டிய ஆள் மாறுகிறார், அவ்வளவுதான்.

எலி என்றால் வயரின் உறையில் பல் பதிந்த வரி இருக்கும். புழுக்கையோ, கடித்த துணுக்குகளோ இருக்கும். அது பொதுவாக நுழைவது திறந்த அடிப்பக்கம் வழியாக. உங்கள் மெஷினுக்கு அடியில் கம்பெனி ஆளே மாட்டிய எலித்தடுப்புத் தகடு அப்படியே இருக்கிறது என்கிறீர்கள். எலி மேலேயும் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் தடயத்தைக் காட்டாமல் சொல்வது வெறும் ஊகம்.

மூன்றாவது காரணம் ஒன்றை டெக்னீஷியன் சொல்லவில்லை. மேல்மூடி வகை மெஷின்களில் பெரும்பாலும் தண்ணீர் உள்ளே வரும் வால்வு பின்பக்கப் பேனலுக்குள்தான் இருக்கும், கரண்டு கனெக்டர்களுக்கு மிக அருகில். வால்விலிருந்தோ, குழாய் வாஷரிலிருந்தோ சொட்டுச் சொட்டாகக் கசிந்தால், நம் போர் தண்ணீரின் உப்பு கனெக்டரின் இரண்டு பின்களுக்கும் நடுவில் வெள்ளையாகப் படியும். ஈரமும் தூசியும் சேர்ந்த அந்த உப்பின் வழியாக மிகச் சிறிய அளவில் கரண்டு ஓடும். ஓடும் இடத்தில் பிளாஸ்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகும். கருகிய பிளாஸ்டிக் கார்பன்; கார்பன் கரண்டைக் கடத்தும். மாதக்கணக்கில் பாதை அகலமாகி, ஒருநாள் சிவந்து எரியும். அதுவரை எம்சிபிக்கு எதுவும் தெரியாது; அதன் கணக்கில் அது மெஷின் வழக்கமாக இழுக்கும் கரண்டோடு கலந்துவிடும். உங்கள் மெஷினில் நடந்தது இதுதான் என்று நான் சொல்லவில்லை. சோதிக்க வருபவர் அந்தக் கனெக்டரையும் வால்வு வாயையும் பார்த்தாக வேண்டும் என்று கேளுங்கள். வால்வில் வெள்ளைப் படிவு இருந்தால் இப்போதே படமெடுத்து வையுங்கள். வெளியிலிருந்து வந்த குழாயின் கசிவா, உள்ளே இருக்கும் வால்வின் கசிவா என்பதில் பொறுப்பு யாருடையது என்பதே மாறும்.

டெக்னீஷியன் சொன்ன காரணத்தை ஜாப் ஷீட்டில் (அவர் பார்த்த வேலையைக் குறிக்கும் தாள்) எழுதி, நகலைத் தரச்சொல்லுங்கள். எழுத மறுத்தால், "இன்ன தேதியில் உங்கள் ஆள் இப்படிச் சொன்னார், எந்தத் தடயத்தை வைத்து?" என்று நீங்களே கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

வாரண்டி முடிந்தால் எல்லாம் முடிந்ததா?

இல்லை. வாரண்டி என்பது இத்தனை நாளைக்குள் பழுதானால் இலவசமாகப் பார்த்துத் தருகிறேன் என்று கம்பெனி தரும் வாக்கு. குறையுள்ள பொருளால் ஏற்படும் சேதத்துக்கான பொறுப்பு வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் ஆறாவது அத்தியாயம் முழுக்க அதற்காகவே இருக்கிறது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, சரியாகப் பயன்படுத்தும் முறையையோ எச்சரிக்கையையோ போதிய அளவு சொல்லாதது எல்லாமே 84-வது பிரிவில் தயாரிப்பாளர் மீது வரும்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கோரிக்கையை எழுதும்போது இதைக் கவனிக்க வேண்டும். பொருள் பொறுப்பு என்ற தலைப்பில், அந்தப் பொருள் தனக்குத்தானே ஏற்படுத்திக்கொண்ட சேதம் வராது. துணிகள், கொசுவலை, சுவர், மாமியாரின் ஆஸ்பத்திரிச் செலவு, அதனால் பட்ட மன உளைச்சல் ஆகியவை வரும். மெஷினின் விலையை 'குறையுள்ள பொருள்' என்ற வேறு தலைப்பில், ஆரம்பத்திலிருந்தே மறைந்திருந்த குறை என்று சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் தனித்தனியாக எழுதலாம். நாலு வருடம் ஓடிய மெஷினுக்கு முழு விலை கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் தலைப்பில்தான் உங்கள் கை ஓங்கியிருக்கிறது.

பில் இல்லாதது பெரிய தடையும் இல்லை. தவணையில் வாங்கியிருக்கிறீர்கள். ஃபைனான்ஸ் நிறுவனத்தின் கடன் ஆவணத்தில் கடைப் பெயர், தொகை, தேதி இருக்கும். பல நேரம் மாடலும் சீரியல் எண்ணும்கூட இருக்கும். கடையின் கணினியில் உங்கள் போன் எண்ணை வைத்துத் தேடினால் ஜிஎஸ்டி பில்லின் நகல் வந்துவிடும்.

தீப்பிடித்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். வாங்கிய கடை எங்கே இருந்தாலும், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மதுரையின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் கிடையாது. நேரிலோ, நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்திலோ தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. வேண்டுமென்றால், பெண் என்ற ஒரே காரணத்தாலேயே, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு; அழைக்க வேண்டிய எண் 15100. சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாக இழுக்கும் என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள்.

உங்கள் வழக்கில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. அந்த 32 ஆம்பியர் எம்சிபி. கம்பெனியின் வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்: "வயரிங் சரியில்லை, அதனால் எரிந்தது" என்பார். எம்சிபி பெரிதாக இருந்ததால் மெஷினுக்குள் தீ பிறக்காது. ஆனால் பிறந்த பிறகு கரண்டு நிற்பதற்குத் தாமதமாகியிருக்கலாம், அதனால் சேதம் கூடியிருக்கலாம் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. இதை மறைக்க நினைக்காதீர்கள். மனுவில் நீங்களே சொல்லிவிடுங்கள், யார் மாட்டியது என்பதோடு.

லண்டன் செய்தி

அண்ணன் மகன் எந்த அறிவிப்பைச் சொல்கிறார் என்று கடிதத்தில் இல்லை. அவரிடம் மாடல் எண்களோடு அந்த அறிவிப்பைக் கேட்டு வாங்குங்கள். ரீகால் ஒரு கம்பெனியின் எல்லாப் பொருளுக்கும் வருவது கிடையாது. குறிப்பிட்ட மாடல், குறிப்பிட்ட காலத்தில் தயாரித்தது, குறிப்பிட்ட ஒரு பாகம் என்றுதான் வரும். பிரிட்டனில் 2019 டிசம்பரில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வாஷிங் மெஷின்களுக்கு ஒரு ரீகால் வந்தது. காரணம் கதவுப் பூட்டு சூடாகித் தீப்பிடிப்பது, அதுவும் தண்ணீரைச் சுடவைக்கும் ஹீட்டர் ஓடும்போது. 2014 முதல் 2018 வரை தயாரித்தவை அவை. உங்களுடையது மேல்மூடி வகை, ஹீட்டர் இல்லை, 2021-ல் வாங்கியது. அவர் சொல்வது இதுவாக இருந்தால் உங்களுக்குப் பொருந்தாது. 2016-ல் அமெரிக்காவில் ஏறத்தாழ 28 லட்சம் மேல்மூடி மெஷின்களுக்கு ரீகால் வந்தது. ஆனால் அதற்குக் காரணம் தீ அல்ல, பிழியும்போது அதிர்ந்து மேல்பகுதி கழன்று தெறிப்பது. பொருந்தாத அறிவிப்பை ஆணையத்தில் காட்டினால், சரியாகச் சொன்னவற்றின் மீதும் சந்தேகம் வந்துவிடும்.

ரீகால் என்றால் பணம் வாபஸ் என்றும் நினைக்க வேண்டாம். பல நேரம் ஆள் வந்து ஒரு பாகத்தை இலவசமாக மாற்றிவிட்டுப் போவதுதான் ரீகால்.

நம் நாட்டில் ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு, அதே சட்டத்தின் 20-வது பிரிவில் இருக்கிறது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் இணையத்தில் விற்ற பிரஷர் குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கும்படி 2022-ல் அது ஆணையிட்டது. ஆனால் பைக்குக்கு ஆர்சி புத்தகம் இருப்பதுபோல ஃபிரிட்ஜுக்கும் மெஷினுக்கும் கிடையாது. அது யார் வீட்டில் இருக்கிறது என்று கம்பெனிக்குத் தெரிந்தால்தான் தகவல் வரும். ஆகவே வீட்டிலுள்ள ஒவ்வொரு சாதனத்தின் சீரியல் எண்ணையும் இன்று வைத்திருக்கும் போன் எண்ணோடு கம்பெனியில் பதிவு செய்யுங்கள். வீடோ எண்ணோ மாறினால் அதையும் சொல்லுங்கள். ஸ்டிக்கர் ஃபிரிட்ஜில் பெரும்பாலும் உள்பக்கச் சுவரிலோ பின்புறத்திலோ இருக்கும், மெஷினில் பின்புறம். சில வருடத்தில் எழுத்து அழிந்துவிடும், படமெடுத்து வைப்பது நல்லது.

உங்கள் மெஷின் எரிந்ததை மாவட்ட ஆட்சியருக்கும் மத்திய ஆணையத்துக்கும் எழுதுங்கள். அதற்குச் சட்டத்தின் 17-வது பிரிவு வழி தருகிறது. உங்களுக்கு இழப்பீடு அங்கிருந்து வராது. ஆனால் அதே மாடல் தேனியிலோ திண்டுக்கல்லிலோ இன்னொரு வீட்டில் எரிந்தால், இரண்டு கடிதங்களும் ஒரே மேசையில் சேரும். ரீகால் பிறப்பது அப்படித்தான்.

அந்தக் காகிதம்

இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். 35 சதவீதத் தள்ளுபடி என்பது 20,000 ரூபாய் மெஷினுக்கு 7,000. ஆடிக்கும் தீபாவளிக்கும் கடைகள் தாமாகவே தரும் தள்ளுபடியைக் கழித்துப் பாருங்கள், மிச்சம் எவ்வளவு என்று. ஆங்கிலத்தில் இருக்கும் வாசகத்தில் 'முழுமையான இறுதித் தீர்வு', 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற பொருளில் வரி இருந்தால், ஆஸ்பத்திரிச் செலவையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் என்று ஆகும். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்று பிறகு வாதாடலாம். அது நீண்ட சண்டை.

அதற்காக எல்லாவற்றையும் தள்ளிவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். படுக்கையில் ஒருவர் இருக்கும் வீட்டில் தினமும் எத்தனை துணி துவைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சேதப் பட்டியலையும் படங்களையும் வைத்துக் கம்பெனிக்கு ஸ்பீடு போஸ்டிலும் மின்னஞ்சலிலும் கடிதம் அனுப்பி, 15 நாள் கொடுங்கள். மெஷினுக்குப் பதில் மெஷின், மற்ற சேதத்துக்குப் பணம் என்று கேளுங்கள். கூடவே 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியுங்கள். சில நேரம் அங்கேயே பேசி முடிந்துவிடும். அவர்கள் மெஷினை மாற்றித் தந்து, ஆஸ்பத்திரிச் செலவையும் துணி, சுவர் செலவையும் கொடுத்தால், வழக்கில்லாமல் முடித்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. தள்ளுபடிக்கு மேல் எதுவும் தர மாட்டோம் என்றால், ஆணையத்துக்குப் போங்கள். தள்ளுபடியை வாங்கியே ஆக வேண்டிய நிலை என்றால், "என் மற்ற உரிமைகளையும் கோரிக்கைகளையும் விட்டுக்கொடுக்காமல் பெறுகிறேன்" என்று தமிழிலேயே எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள்.

ஓனர் செய்ய வேண்டியது

மெஷின் உங்களுடையது, சுவருக்குள் இருக்கும் வயர் அவருடையது. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-ன் அட்டவணை, வீட்டின் உள், வெளி வயரிங் பராமரிப்பை ஓனர் பக்கமும், சுவிட்ச், சாக்கெட் பழுதைக் குடியிருப்பவர் பக்கமும் வைக்கிறது. எம்சிபி காப்பது வயரை. 16 ஆம்பியர் பவர் பாயிண்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 16 ஆம்பியர் எம்சிபியும், 1.5 வயர் என்றால் 10 ஆம்பியர். அடிக்கடி விழுகிறது என்று 32 மாட்டுவது, காய்ச்சல் அடிக்கிறது என்று தெர்மாமீட்டரை உடைப்பதற்குச் சமம். அதை மாற்றும்படியும், மெயினில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் உடனே வெட்டும் சுவிட்ச்) போடும்படியும், எர்த் இருக்கிறதா என்று சோதிக்கும்படியும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள். ஆர்சிசிபியில் உள்ள 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டும். பொத்தானை அழுத்தியதும் விழுந்தால் எர்த் நன்றாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. எர்த்தே இல்லாத வீட்டிலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும்.

ஃபிரிட்ஜை இரவில் அணைக்க வேண்டாம்

2024 செப்டம்பரில் நம் மதுரை கட்ராபாளையத்தில் பெண்கள் விடுதியில் ஃபிரிட்ஜ் தீயால் இரண்டு பெண்கள் இறந்ததற்குப் பிறகு தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் இரவில் அணைத்தால் பாலும் குழம்பும் கெடும், மாமியாருக்கு இன்சுலின் இருந்தால் அதுவும் கெடும். ஆபத்தும் குறையாது, பகலில் அதே ஃபிரிட்ஜ்தான் ஓடுகிறது. கவனிக்க வேண்டியவை வேறு.

கம்ப்ரஸரின் பக்கவாட்டில் ஒரு சிறிய பிளாஸ்டிக் பெட்டியில், கம்ப்ரஸரைக் கிளப்பும் ரிலேயும், கரண்டு கூடினால் வெட்டும் ஓவர்லோடும் இருக்கும். வோல்டேஜ் குறைவாக இருந்தாலோ கம்ப்ரஸர் தளர்ந்துபோனாலோ, அது ஓட முயன்று முடியாமல் நின்று, பல மடங்கு கரண்டை இழுக்கும். ஓவர்லோடு 'டிக்' என்று வெட்டும். சில நிமிடம் கழித்து மறுபடி. குளிர்ச்சி இல்லாமல் இந்த 'டிக்' மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டால் அன்றே அணைத்து ஆளைக் கூப்பிடுங்கள். கரண்டு போய் வந்தால் ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். ஸ்டெபிலைசர் உதவுவது இந்த இடத்தில்தான். தளர்ந்த பிளக்கையோ கசியும் வால்வையோ அது சரிசெய்யாது; உங்கள் கணவர் அதற்கு அதிகப் பொறுப்பைக் கொடுக்கிறார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். அங்கே துணிப்பை, பழைய பேப்பர், அட்டைப்பெட்டி எதுவும் வேண்டாம்.

அடுத்து பிளக். வீடுகளில் தீ பிறக்கும் இடங்களில் இதை அதிகம் கவனிக்காமல் விடுகிறோம். பாயிண்டுக்குள் இருக்கும் பித்தளைக் கவ்வி தளர்ந்து, தொடும் இடத்தில் அரை ஓம் தடை வந்தால் போதும். 10 ஆம்பியர் ஓடும்போது அங்கே மட்டும் 50 வாட் சூடு. சோல்டரிங் அயர்னை பிளாஸ்டிக்குக்குள் சொருகி வைத்தது போல. எம்சிபியின் கணக்கில் அது சாதாரண 10 ஆம்பியர்தான், அது விழாது. அதனால் கையும் மூக்கும்தான் கருவி. ஹீட்டரோ, இஸ்திரிப் பெட்டியோ, இண்டக்ஷன் அடுப்போ 20 நிமிடம் ஓடியதும் அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு கூடாது. பின்னைச் சுற்றிப் பழுப்பு நிறம் இருக்கிறதா பாருங்கள். சில வகை பிளாஸ்டிக் சூடானால் கருவாடு போல வாடை வரும். அடுப்படியில் கருவாடு இல்லாத நாளில் அந்த வாடை வந்தால் தேடுங்கள். மாற்றும்போது பாயிண்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கருத்த பின்னைப் புதுப் பாயிண்டில் சொருகினால் அதுவும் சில மாதத்தில் கெடும். ஹீட்டர், இண்டக்ஷன், மெஷின், ஃபிரிட்ஜ் எதுவும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வேண்டாம்.

புது மெஷின் வந்ததும் குழாய் மாட்டும் இடத்தை மாதம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். ஈரமோ வெள்ளை உப்போ இருந்தால் வாஷரை மாற்றுங்கள். துவைத்து முடிந்ததும் குழாயை மூடி, சுவிட்சையும் அணையுங்கள். மெஷினைப் போட்டுவிட்டு வெளியே போகவோ தூங்கவோ வேண்டாம்.

மாமியாரின் காற்றுப் படுக்கைக்கு மோட்டார் 24 மணி நேரமும் ஓடுகிறது என்றீர்கள். அதற்கென்று சுவரில் தனி பாயிண்ட் கொடுங்கள். மோட்டாரின் மீது போர்வை தொங்கக் கூடாது. பேட்டரியில் ஓடும் புகை அலாரம் ஒன்று வாங்கி, அவர் அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் கூரையில் மாட்டுங்கள். பேட்டரியை வருடம் ஒருமுறை மாற்றுங்கள். ஏபிசி வகைத் தீயணைப்பான் 2 கிலோ ஒன்றை அடுப்படியில் வைக்காமல் வாசல் பக்கம் வையுங்கள். அடுப்படிதான் எரிகிறது என்றால் உள்ளே போய் எடுக்க முடியாது. தீ ஒரு வாளி அளவைத் தாண்டினால் அணைக்க நிற்காமல் அந்தக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, 101-ஐ அழைத்துக்கொண்டே மாமியாரை வெளியே கொண்டுவாருங்கள். தூக்க இரண்டு பேர் இல்லாத நேரமும் வரும். அவர் படுத்திருக்கும் விரிப்புக்கு அடியில் ஒரு தடித்த ஜமுக்காளத்தை எப்போதும் போட்டு வையுங்கள். அதோடு சேர்த்துத் தரையில் இழுத்தால் ஒரே ஆளால் வாசல்வரை கொண்டுவர முடியும். மகனோடு சேர்ந்து ஒருமுறை வெறும் ஜமுக்காளத்தில் தலையணைகளை வைத்து இழுத்துப் பாருங்கள், எந்த நிலையில் தட்டுகிறது என்று தெரிந்துவிடும். முடிந்தால் அவர் கட்டிலை, பால்கனியை ஒட்டிய அறையிலிருந்து வாசலை ஒட்டிய முன்னறைக்கு இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.